துணியில் ஓட்டை, கூலியில் பிடித்தம்: திருப்பூர் நிட்டிங் சோதனைக் கேமரா – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ரோல் துணியில் ஓட்டை இருக்கிறது என்று சொல்வது எளிது. அந்த ஓட்டை யாருடையது என்பதில்தான் திருப்பூரில் பாதி வழக்கு. மில்லிலிருந்து வந்த நூலில் முடிச்சா, நிட்டிங் மிஷினில் ஊசி போனதா, சாயப்பட்டறையில் எங்கோ மாட்டிக் கிழிந்ததா என்று தேடுவதற்குள் ஷிப்மெண்ட் தேதி வந்துவிடும். அப்போது கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு எளிய வழி ஒன்று உண்டு: நிட்டிங்காரர் பில்லில் டெபிட் (பிடித்தம்) எழுதிவிடுவது.

அந்த இடத்துக்குச் செயற்கை நுண்ணறிவுக் கேமரா வந்தால் என்ன ஆகும் என்பதே இந்த ஆய்வு. இதில் வரும் கேமரா நிறுவனம், ஏற்றுமதிக் கம்பெனி, நிட்டிங் யூனிட் ஆகியவை ஆய்வுக்காக அமைத்த மாதிரிகள். கூலி, நூல் விலை, பிழை விகிதம், ஒப்பந்த நிபந்தனைகள் எல்லாம் கணக்கைக் காட்ட வைத்துக்கொண்டவை. சட்டங்களும் தேதிகளும் புள்ளி முறையும் துணியின் குணமும் நடப்பில் உள்ளவை.

சூழல் இது. கோவையில் சில பொறியாளர்கள் தொடங்கிய சிறு நிறுவனம், பின்னல் துணியைப் பார்த்துக் குறை சொல்லும் கேமரா அமைப்பைச் செய்கிறது. முதல் வாடிக்கையாளர் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அனுப்பர்பாளையம், நல்லூர், பெருமாநல்லூர் பக்கம் பல யூனிட்டுகள் கிலோ கணக்கில் ஜாப் வொர்க்காகத் துணி ஓட்டித் தருகின்றன. இது ஓடிக்கொண்டிருக்கும்போதே இலங்கையில் ஒரு பின்னலாலையிலிருந்து அதே அமைப்பைக் கேட்டு விசாரணை வருகிறது.

மேஜையும் வெளிச்சமும்

துணி 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி), 30 டயா (30 அங்குல விட்டம்) மிஷினில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல், 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பிரித்த அகலம் 72 அங்குலம். 22 கிலோ ரோல் என்றால் நீளம் ஏறக்குறைய 67 மீட்டர், அதாவது 73 கெஜம். சோதனை மேஜையில் நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது.

72 அங்குலம் 1,829 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் 480 மி.மீ. பார்க்கும்படி நான்கு கேமரா வைத்தால் பக்கத்துப் பக்கம் 30 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறிவரும். 2448 x 2048 பிக்சல் கேமராவில் ஒரு பிக்சலுக்கு 0.196 மி.மீ. கிடைக்கும். ஒரு ஓட்டையை நம்பிச் சொல்ல குறைந்தது மூன்று பிக்சலாவது வேண்டும், ஆக 0.6 மி.மீ.க்குக் கீழே உள்ளதை இந்த அமைப்பு பார்க்காது. இதை விற்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். "எல்லாக் குறையையும் பிடிக்கும்" என்று விளம்பரத்தில் எழுதுகிற இடத்திலேயே பொறுப்பு நழுவிவிடுகிறது.

அந்த வேகத்தில் துணி நொடிக்கு 333 மி.மீ. நகர்கிறது. படம் இழுபடாமல் இருக்க, கேமரா திறந்திருக்கும் நேரம் 0.5 மில்லிநொடியைத் தாண்டக் கூடாது. அதனால் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் கேமராவும், மின்னல் மாதிரி அடித்து அணையும் எல்.இ.டி. விளக்கும் வேண்டும். வரிசையாகப் படித்தெடுக்கும் மலிவு கேமராவில் குறையின் வடிவமும் நீளமும் கோணித் தெரியும். ஆயில் கறை மேல்வெளிச்சத்தில் தெரியும். ஓட்டையும் ட்ராப் ஸ்டிச்சும் (நழுவிய கண்ணி) துணிக்குக் கீழிருந்து வரும் வெளிச்சத்தில்தான் பளிச்சென்று தெரியும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு படம். படம் எடுக்கும் கணத்தை நேரத்தை வைத்து அல்ல, துணிமேல் உருண்டு நீளம் அளக்கும் என்கோடர் சக்கரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். மோட்டார் மெதுவானாலும் ஒரு துண்டும் விடுபடாது.

கேமரா துணியை மட்டும் பார்க்கும்படி மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். செக்கிங் செய்யும் பெண்களின் கையும் முகமும் படத்தில் விழுந்தால் அது தனிநபர் தரவு. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகள் எல்லாம் தேவையில்லாமல் தலைமேல் ஏறும். ஒரு தகரத் தடுப்பு அந்தத் தலைவலியை மிச்சப்படுத்தும்.

புள்ளி எண்ணுவதில் வரும் பிழைகள்

வாங்குவோர் பலரும் கேட்பது நான்கு புள்ளி முறை. குறையின் நீளம் 3 அங்குலம் வரை 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டை 1 அங்குலம் வரை 2 புள்ளி, அதைத் தாண்டினால் 4. ஒரு கெஜத்துக்கு 4 புள்ளிக்கு மேல் போடக்கூடாது. மொத்தப் புள்ளியை 3600ஆல் பெருக்கி, அங்குல அகலத்தாலும் கெஜ நீளத்தாலும் வகுத்தால் 100 சதுர கெஜத்துக்கான புள்ளி வரும். நமது ரோலில் 35 புள்ளி என்றால் 35 x 3600 ÷ (72 x 73) = 24. வாங்குபவரின் எல்லை 28 என்று வைத்துக்கொள்வோம், ரோல் பாஸ்.

நியூரல் நெட்வொர்க் (படத்தில் குறையைக் கண்டுபிடிக்கும் மாடல்) சரியாக இருந்தும் இங்கே மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

என்கோடர் மீட்டரில் எண்ணும். சூத்திரம் கெஜத்தில் கேட்கும். 73க்குப் பதில் 67 போட்டால் 24 என்பது 26.1 ஆகிவிடும். ஒன்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். 24ல் அது தெரியாது. நியாயமாக 27 வாங்கிய ரோல் 29.5 ஆகி ஃபெயில் ஆகும்போதுதான் சண்டை வரும். அப்போதும் யாரும் சூத்திரத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள், மிஷினைப் பராமரிக்கும் ஃபிட்டரைத்தான் சந்தேகிப்பார்கள்.

இரண்டாவது, தொடர்ந்து ஓடும் நீடில் லைன், அதாவது ஊசிக் கோளாறால் நீளவாக்கில் விழும் கோடு. படம் படமாக எண்ணினால் 10 கெஜம் ஓடிய கோடு 24 படத்தில் விழும். படத்துக்கு 4 வீதம் 96 புள்ளி. முறைப்படி 10 கெஜத்துக்கு 40தான். படங்களை ஒன்றோடொன்று இணைத்து, கெஜ வாரியாக உச்சவரம்பு வைத்த பிறகே கூட்ட வேண்டும். மூன்றாவது, கேமராக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் அந்த 30 மி.மீ. பட்டையில் விழும் ஓட்டை இரண்டு தடவை எண்ணப்படுவது.

இவை எதற்கும் பெரிய அறிவு தேவையில்லை. கையால் எண்ணிய 20 ரோலோடு ஒப்பிட்டாலே வெளியே வந்துவிடும். ஆனாலும் பல இடங்களில் மாடலின் துல்லியத்தை மட்டும் சோதித்துவிட்டு, கடைசியில் அச்சாகும் எண்ணைச் சோதிக்காமல் விடுகிறார்கள். கூலியைத் தொடுவது அந்தக் கடைசி எண்தான்.

ஆயிரம் ரோல் கணக்கு

1,000 ரோல் வருகிறது. 20 ரோல் உண்மையிலேயே கெட்டது. கேமரா கெட்டதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது. நல்ல ரோலில் 5 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்பதற்கு அருமையான அமைப்பு. கணக்குப் போட்டால்: கெட்டதில் 18 பிடிபடும். நல்லது 980ல் 49 மாட்டும். சிவப்பு விளக்கு எரிந்தது மொத்தம் 67 ரோலுக்கு. அதில் 49 நல்ல துணி. நாலில் மூன்று தவறு.

கெட்டது அரிதாக இருக்கும் இடத்தில் எந்தச் சோதனைக்கும் இதுதான் கதி. நல்ல நிட்டிங்காரரிடம் கெட்ட ரோல் இன்னும் குறைவு. ஆகவே அவர்மேல் விழும் சந்தேகத்தில் பொய்யின் பங்கு இன்னும் அதிகம். ஒழுங்காக வேலை செய்கிறவருக்குத்தான் இயந்திரம் அதிகம் அநியாயம் செய்யும்.

கூலி கிலோவுக்கு 12 ரூபாய் என்றால் ரோலுக்கு 264 ரூபாய். நூல் கிலோ 260 என்றால் ரோலின் நூல் மதிப்பு 5,720 ரூபாய். ஒரு ரோலைத் தவறாக டெபிட் செய்தால் ஏறத்தாழ 22 ரோலின் கூலி போகிறது. அந்த 49 ரோலுக்கும் முழு நூல் விலையைப் பிடித்தால் 2,80,280 ரூபாய். 1,000 ரோலுக்கும் சேர்த்து யூனிட் சம்பாதித்த மொத்தக் கூலியே 2,64,000 ரூபாய்தான். கால்பங்கு பிடித்தாலும் 70,070 ரூபாய். மொத்தக் கூலியில் கால்வாசிக்கு மேல். மின்கட்டணமும் ஃபிட்டர் சம்பளமும் மிஷின் கடன் தவணையும் மிச்சத்தில்தான் கட்ட வேண்டும்.

இதற்கு மாற்று மலிவானது. சிவப்பு விளக்கு எரிந்தால் மேஜை நிற்கட்டும். செக்கர் அந்த இடத்தைத் துணியிலேயே தொட்டுப் பார்த்து ஆம், இல்லை சொல்லட்டும். 67 ரோலுக்கு மும்மூன்று நிமிடம் வைத்தால் 201 நிமிடம். ஆயிரம் ரோலுக்கு மூன்றரை மணி நேரம்கூட இல்லை.

ஆனால் மனிதரை நடுவில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் ஏமாற்றுதான். ஒரு மாதம் போனால் செக்கர் திரையைப் பார்த்ததும் "ஆம்" அழுத்தப் பழகிவிடுவார். இயந்திரம் சொன்னதை மறுத்தால் மேஸ்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒத்துக்கொண்டால் வேண்டாம். அதனால் வாரத்துக்குச் சில ரோலில் வேண்டுமென்றே பொய்ச் சந்தேகம் காட்ட வேண்டும். "இல்லை" என்று சரியாகச் சொன்னவருக்கு அது நல்ல வேலையாகக் கணக்கில் ஏற வேண்டும். பச்சை காட்டிய ரோலில் இருபதுக்கு ஒன்றை எடுத்து முழுதாகக் கையால் பார்க்க வேண்டும். 933ல் அது 47 ரோல் வரும். 47லும் குறை எதுவும் இல்லை என்றால் தப்பியது பூஜ்யம் என்று அர்த்தமல்ல. புள்ளியியலில் புழங்கும் தோராய விதிப்படி, 3ஐ 47ஆல் வகுத்தால் வரும் 6.4 சதவீதம் வரை தப்பியிருக்கலாம் என்றே சொல்ல முடியும். அரை சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல, குறையில்லாமல் 600 ரோல் பார்த்திருக்க வேண்டும். முதல் மாதமே "99.5 சதவீதம்" என்று பலகை வைக்கிறவரிடம் எத்தனை ரோல் பார்த்தீர்கள் என்று கேட்டாலே போதும்.

ஓட்டையின் ஜாதகம்

"ஏனுங்க, இது என்ற மிஷின் ஓட்டையா, நூல் ஓட்டையா?" டெபிட் வந்தால் நிட்டிங்காரர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேமராவால் ஓரளவுக்குப் பதில் சொல்ல முடியும், ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் ரோல் முழுவதையும் பார்த்தால்.

30 டயா, 24 கேஜ் மிஷினில் சுமார் 2,260 ஊசி. ஓட்டைகள் எல்லாம் நீளவாக்கில் ஒரே கோட்டில் வந்தால் அது ஊசி. கொக்கியோ நாக்கோ போயிருக்கும். அங்கங்கே சிதறி வந்தால் நூலின் பலம், முடிச்சு, இழுவிசை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குறுக்கே வரும் கோடு வேறு கதை. 90 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) உள்ள மிஷின் ஒரு சுற்றுக்கு 90 வரிசை பின்னும்; அங்குலத்துக்கு 45 வரிசை என்றால் 2 அங்குலத்துக்கு ஒரு தடவை அதே ஃபீடர் திரும்பும். தடித்த கோடு சரியாக 2 அங்குல இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தால், ஒரே ஃபீடரிலோ அதில் மாட்டிய ஒரே நூல் கோனிலோதான் பிரச்சனை. கோனை மாற்றி ஓட்டியும் கோடு அதே இடத்தில் நின்றால் ஃபீடர், கோனோடு போய்விட்டால் நூல். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். மிஷின் அந்த லாட்டை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே செய்தால்தான் உண்டு.

கேமரா அடியோடு சொல்ல முடியாதவையும் உண்டு. வேறு லாட் நூல் கலந்துவிட்டதால் வரும் பட்டை பச்சைத் துணியில் (சாயம் ஏற்றாத துணி) தெரியாது, சாயம் ஏறிய பிறகே எழும்பும். வெள்ளை பாலிப்ரொப்பிலீன் நார் வெள்ளைத் துணியில் ஒளிந்துகொள்ளும். பாயின்டெல் டிசைனில் ஓட்டையே அழகு. அதை முதல்நாள் கேமராவிடம் கொடுத்தால் ரோல் முழுக்கச் சிவப்பு. வெவ்வேறு நிற நார் கலந்த மெலாஞ்ச் துணியில் கறுப்பு நார் ஒவ்வொன்றும் அதற்கு ஆயில் கறை. ஆகவே புதுத் துணி ரகம் எது வந்தாலும் முதல் சில ரோலுக்குக் கேமரா பதிவு மட்டும் செய்யட்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. "குறை", "நல்லது" என்ற இரண்டோடு "தெரியவில்லை" என்ற மூன்றாவது பதிலும் அதற்கு வேண்டும். விற்பனைக்காரர்களுக்கு இந்த மூன்றாவது பதில் பிடிக்காது.

பயிற்சிப் படங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ரோலின் படங்களைக் கலைத்துப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் மதிப்பெண் வானத்துக்குப் போகும். அந்த மிஷினின் ஊசிக்கோட்டையே மாடல் மனப்பாடம் செய்திருக்கும். பிரிக்கும்போது மிஷின் வாரியாக, நூல் லாட் வாரியாகப் பிரிக்க வேண்டும். குறை என்று பெயர் சூட்டும் வேலையை ஒருவரிடம் விடக் கூடாது. மூன்று அனுபவமுள்ள செக்கர்கள் ஒரே 200 படத்தைத் தனித்தனியே பார்க்கட்டும். அவர்களே ஒத்துப்போகாத படங்களை உண்மை என்று மாடலுக்கு ஊட்டக் கூடாது. அந்த நேரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்களின் கண்ணைத்தான் நிறுவனம் விலைக்கு விற்கிறது.

ஓடத் தொடங்கிய பிறகு வரும் கோளாறுகள் பெரும்பாலும் சாதாரணமானவை. பஞ்சு லென்சில் படியும். துடைக்கும் வரை ஒரே இடத்தில் "ஆயில் கறை" வந்துகொண்டிருக்கும். யாரோ மேஜைக்கு மேலே புது டியூப்லைட் மாட்டுவார்கள். ஷிப்ட் தொடக்கத்தில், ஓட்டையும் கோடும் கறையும் தெரிந்த ஒரு மாதிரித் துண்டை ஓட்டிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அந்தத் துண்டில் ஒரு குறையைத் தவறவிட்டாலும் அன்றைக்குக் கேமரா சாட்சி சொல்லத் தகுதியில்லை.

படம் முதலில் யாருக்கு?

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரே படம், ஒரே நேரம். அது முதலில் ஃபிட்டரின் போனுக்குப் போகலாம், அல்லது கம்பெனியின் அக்கவுண்ட்ஸுக்குப் போகலாம்.

ஃபிட்டருக்குப் போனால் ஊசி மாறும். நாளுக்குப் பத்து ரோல் ஓட்டும் மிஷினில் ஒரு ஊசி உடைந்து நான்கு நாள் கழித்துத் தெரிந்தால் 40 ரோல் போச்சு. அன்றே தெரிந்தால் ஓரிரு ரோலோடு நிற்கும். கம்பெனி, யூனிட் இரண்டுக்கும் லாபம். அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் போனால் ஊசி அப்படியே இருக்கும், டெபிட் ஏறும். பணத்தைப் பார்த்தால் இரண்டாவது வழியில் கம்பெனிக்கு நட்டமில்லை போலத் தோன்றும். துணி தாமதமாகிற நட்டம் வேறு தலைப்பில் எழுதப்படுவதால் கண்ணில் படாது.

கேமரா நிறுவனத்தின் கட்டண முறை இந்தத் திசையைத் தீர்மானித்துவிடும். "சேமித்த தொகையில் 10 சதவீதம் கொடுங்கள், முன்பணம் வேண்டாம்" என்பது புதுத் தொழிலுக்கு இனிப்பான விற்பனை முறை. இங்கே சேமிப்பு என்பதே டெபிட். டெபிட் கூடினால் கேமராக்காரருக்கு வருமானம் கூடும்; குறை என்று சொல்லும் வரம்பை இறுக்கினால் யாருக்கும் தெரியாது. அதனால் கட்டணம் ஓடிய மீட்டருக்கு இருக்கட்டும்; குறை கண்டாலும் காணாவிட்டாலும் ஒரே தொகை. ஆரம்ப வருமானம் குறையும். முதலீட்டாளர் முகம் சுளிப்பார். இந்த ஒரு முடிவை எடுக்காமல் மற்ற அறநெறி வாசகங்களை எத்தனை பக்கம் எழுதினாலும் பயனில்லை என்பது எங்கள் கருத்து.

ஒப்பந்தத்தில் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கையோ சேவையையோ பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவதற்கு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. அந்தக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்த நிட்டிங் யூனிட் இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். கேமரா பச்சைத் துணியில் இரண்டாம் நாளே குறை சொல்லும்போது, சாயம் முடிந்து நாற்பதாவது நாளில் வரும் டெபிட்டுக்கு இடமே இல்லை.

இதையெல்லாம் சேர்த்து மாதிரி ஒப்பந்தத்தில் வைத்தது இவ்வளவு. படமும் மீட்டர் இடமும் 48 மணி நேரத்துக்குள் யூனிட்டின் போனுக்குத் தமிழில் போக வேண்டும். குறையுள்ள துண்டை 30 நாள் வைத்திருக்க வேண்டும். படம் போதாது, துணியைத் தொட்டால்தான் நம்பிக்கை. செக்கர் கையெழுத்தில்லாமல் டெபிட் இல்லை. தீராத தகராறு கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா போன்ற வெளி ஆய்வகத்துக்குப் போகும். தோற்றவர் கட்டணம் கொடுப்பார். ஆப்பரேட்டர் பெயர் வாரியாகக் குறைப்பட்டியல் கிடையாது, மிஷின் எண் வாரியாகத்தான். கம்பெனிகள் கேட்கும்; கொடுத்தால் நைட் ஷிப்டில் பழைய மிஷினில் நிற்பவர்தான் பட்டியலில் முதலிடம் பிடிப்பார்.

தமிழ்நாடு அரசு 2020லேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசுத் துறைகள் பயன்படுத்தும் அமைப்புகளுக்கானது அது. ஆனாலும் வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்பு, தவறான பயன்பாட்டிலிருந்து காப்பு, சமத்துவம் என்று அதில் வரும் தலைப்புகளை ஒரு சிறு நிறுவனம் தன் கேள்வித்தாளாக வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை.

கடல் தாண்டினால்

கொங்கு நாட்டுக்கு அதிர்ச்சி புதிதல்ல. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நொய்யலில் ஒரு சொட்டுச் சாயமும் விடாத நிட்டிங்காரரும் வேலையிழந்தார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு மொத்தம் 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் குறைந்ததன் அழுத்தம் கம்பெனியிலிருந்து ஜாப் வொர்க் வரை இறங்கியது. ஒரு நாடு முழுவதுமே நெருக்கடியில் விழுவது வேறு விஷயம்.

இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைத்தது. அதற்குச் சற்று முன்புதான் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த அந்நாட்டு நாணயம் சில மாதங்களில் 360 வரை போனது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. 2023 மார்ச் 20 அன்று பன்னாட்டு நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் தந்த பிறகே மெல்ல நிலைத்தது. அந்நாட்டுச் சரக்கு ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். அதனால் இந்த விசாரணையைத் தட்டிக்கழிக்கவும் முடியாது, திருப்பூர் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றவும் முடியாது.

முதலில் கட்டணம். மாதம் 200 டாலர் என்று எழுதினால் அங்கே 40,000 ரூபாயாக இருந்த செலவு அதே ஆண்டில் 72,000 ஆகியிருக்கும். ஆலையின் கணக்காளர் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டினால் மென்பொருள் நிற்கும். நிற்கிற நாளில் செக்கிங் ஆட்களைக் கேமராவை நம்பி ஏற்கெனவே குறைத்திருப்பார்கள். ஆகவே உள்ளூர் நாணயத்தில், ஒருமுறை விலையும் சிறு பராமரிப்புத் தொகையுமாக வைப்பது நல்லது. சந்தா நின்றாலும் மேஜை ஓட வேண்டும். புது மாடல் மட்டும் வராது. நாணய மதிப்பு இறங்கினால் நட்டத்தைக் கேமரா நிறுவனமும் பங்கிட வேண்டிவரும். இரண்டு ஆண்டு தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும். தாங்க முடியாவிட்டால் போகாமல் இருப்பது மேல்.

அடுத்தது கிளவுட். ஒரு ரோலுக்குப் படம் எடுக்கும் இடம் 176, நான்கு கேமரா, இரண்டு வெளிச்சம்: 1,408 படம். சுருக்கிய படம் அரை எம்.பி. என்றாலும் ரோலுக்கு 700 எம்.பி.; நாளுக்கு 60 ரோலுக்கு 42 ஜி.பி. இதை வெளிநாட்டுச் சர்வருக்கு ஏற்றி டாலரில் வாடகை கொடுப்பது திருப்பூரிலேயே கட்டாது. மேஜைக்கு அடியில் ஒரு சிறு கணினி கணிக்கட்டும். சந்தேகப்பட்ட இடத்தின் சிறு துண்டுப் படங்கள் மட்டும் இரவில் போகட்டும். ஒரு நொடிக்கு எட்டுப் படத்துக்கும் குறைவாகவே வருவதால் அதற்கு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

மின்வெட்டுக்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மோட்டார் நின்ற பிறகு கேமரா மட்டும் விழித்திருந்து என்ன பார்க்கப் போகிறது? பத்து நிமிடம் தாங்கும் யு.பி.எஸ். போதும், எந்த மீட்டரில் நின்றோம் என்பதை எழுதிவிட்டு ஒழுங்காக அணைய வேண்டும். கரண்ட் வந்ததும் துணியை ஒரு மீட்டர் பின்னுக்கு இழுத்துத் தொடர வேண்டும். இதை விட்டால் ரோலின் நீளம் குறைவாகப் பதிவாகி, புள்ளி ஏறிவிடும். மேலே சொன்ன மீட்டர், கெஜக் குழப்பம் மாதிரியே. உதிரிக்கு, நான்கு கேமராவோடு ஐந்தாவது ஒன்றையும், விளக்கு ஓட்டும் சர்க்யூட் இரண்டையும் முதல் சரக்கிலேயே அனுப்பிவிட வேண்டும். டாலர் தட்டுப்பாட்டில் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் கடிதம்) திறக்க முடியாத மாதத்தில் ஒரு கேமராவுக்காக மேஜை முழுவதும் நிற்கும்.

கூலி விஷயத்தில் அங்கே ஒரு சட்ட வசதி கூடுதலாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் எண் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்க இயந்திரமே எடுத்த முடிவை மறுபார்வை செய்யக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது. நமது 2023 சட்டத்திலோ அப்படி ஒரு உரிமை வெளிப்படையாக எழுதப்படவே இல்லை. இரண்டு நாட்டிலும் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கைக்குக் கிடைக்கும். விலைவாசி ஓராண்டில் இரட்டிப்பை நோக்கி ஓடும் ஊரில் பிடித்தத்தை எதிர்த்து வழக்காடும் தெம்பு தொழிலாளிக்கு இருக்காது. அங்கே மறுபார்வையை அவர் கேட்டால் தருவது என்று வைக்காமல், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தானாக நடப்பதாக வைக்க வேண்டும்.

திரையின் மொழி சிங்களமும் தமிழும். திருப்பூர்த் தமிழை அப்படியே ஒட்டினால் போதாது. "நீடில் லைன்", "டெபிட்" என்று இங்கே புழங்குவதை அங்கத்தைய செக்கர் எப்படிச் சொல்கிறார் என்று மேஜைக்குப் பக்கத்தில் நின்று கேட்டு எழுத வேண்டும். பயிற்சிப் படங்களும் அந்த ஆலையின் நூல், மிஷினிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஆறு வாரம் பதிவு மட்டும், தீர்ப்பு இல்லை. அந்த ஆறு வாரச் செலவு கேமரா நிறுவனத்தின் தலையில்.

இலங்கை ஆலை கேட்ட ஒன்றுக்கு மட்டும் மாதிரி நிறுவனத்தில் ஒருமித்த பதில் இல்லை. நெருக்கடியில் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது, செக்கிங் மேஜைக்கு இருவருக்குப் பதில் ஒருவர் போதும் என்று எழுதித் தர முடியுமா என்கிறது ஆலை. ஆறு வாரப் பதிவும், இருபதுக்கு ஒன்று கையால் பார்த்த 600 ரோலும் கைக்கு வராமல் எழுதித் தரக் கூடாது என்பது ஒரு தரப்பு. நாளுக்கு 60 ரோல் ஓடும் ஆலையில் அப்படி 3 ரோல்தான் எடுக்க முடியும். 600 சேர 200 வேலைநாள். அதுவரை காத்திருக்கும் காசு ஆலையிடம் இல்லை, கேமரா நிறுவனத்திடமும் இல்லை என்பது மறுதரப்பு. இருபதுக்கு ஒன்று என்பதை ஐந்துக்கு ஒன்று ஆக்கினால் 50 நாளில் முடியும். அதற்குத் தேவைப்படுவது, குறைக்கச் சொல்கிற அந்த இரண்டாவது செக்கர்தான்.